குவேனிக்கு ஆண்டு எது? பண்டை வரலாற்றுப் பெண்களும் காலக்கணிப்பும்

பண்டைக் காலப் பெண்கள் வரலாற்றுக்குள் மூன்று விதமாக வந்து சேர்கிறார்கள். சிலருக்குப் பெயர் இருக்கிறது, காலம் இல்லை. சிலருக்குக் காலம் இருக்கிறது, பெயர் இல்லை. பெயரும் காலமும் சேர்ந்து கிடைப்பவர்கள் மிகச் சிலரே. இவர்களில் முதல் இரு வகையினரையும் ஒரே நிலப்பரப்பில் காணக்கூடிய இடங்களில் ஒன்று, புத்தளம் மாவட்டத்தின் கரைத்தீவும் அதற்கு வடக்கே நீளும் கரையோரமும்.

கரைத்தீவுக்கு வடக்கே கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கிறது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. காட்டின் தென்பகுதியில் பொம்பரிப்பு இருக்கிறது. இறந்தோரின் எலும்புகளை வைத்துப் புதைத்த தாழிகள் அங்கே மண்ணுக்கடியில் பரந்து கிடக்கின்றன. இன்னும் வடக்கே கடலோரமாக எழுந்து நிற்பது குதிரைமலை முனை. அல்லி அரசாணி ஆண்ட இடம் அதுவே என்பது கரையோர மக்களின் மரபு. விஜயன் வந்திறங்கிய இடமாகப் பாளி நூலான மகாவம்சம் சொல்லும் தம்பபண்ணியும் இந்த வடமேற்குக் கரையில்தான் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அவனுக்குத் துணையான குவேனியும் இந்தக் கரையைச் சேர்ந்தவளே.

குவேனிக்கும் அல்லிக்கும் பெயர் உண்டு. பொம்பரிப்புத் தாழிகளில் கிடப்பவர்களுக்குக் காலம் உண்டு. இவர்களை வரலாற்றில் எந்த இடத்தில் வைப்பது என்பதை அறிய, ஆண்டுகள் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஆண்டை எண்ணும் வழிகள்

உலகின் பல நாடுகளில் ஆண்டுகளை எண்ணிய பழைய முறை, அரசன் முடிசூடிய நாளிலிருந்து எண்ணுவது. ‘இன்ன அரசனின் ஒன்பதாம் ஆண்டில்’ என்று நூல்களும் கல்வெட்டுகளும் எழுதின. அரசன் இறந்ததும் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். எனவே நீண்ட காலத்தை அளக்க வேண்டுமானால் அரசர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் ஆண்ட ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும் கணக்குப் பிழைக்கும்.

அப்படி விடுபட்ட பெயர்களில் பெண்களும் உண்டு. எகிப்தை கி.மு. 15ஆம் நூற்றாண்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட ஹட்செப்சுட்டின் பெயர், பிற்கால அரசன் முதலாம் சேட்டி அபிதோஸ் கோயிலில் பொறித்த அரசர் பட்டியலில் இல்லை. அவர் கட்டிய கோயிலும் நிறுத்திய தூபிகளும் எஞ்சி நின்றதால்தான் அவருடைய ஆட்சியைப் பிற்கால ஆய்வாளர்கள் மீட்டெடுக்க முடிந்தது.

இரண்டாவது முறை, ஒரு நிகழ்ச்சியைத் தொடக்கமாக வைத்து இடைவிடாமல் எண்ணுவது. இதைச் சகாப்தம் என்கிறோம். சக ஆண்டு கி.பி. 78இலும், குப்த ஆண்டு கி.பி. 319–320இலும் தொடங்குகின்றன. ஹிஜ்ரி ஆண்டு நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த கி.பி. 622ஐத் தொடக்கமாகக் கொண்டது. அது பிறைக்கணக்கு என்பதால் அதன் ஓராண்டில் சுமார் 354 நாட்களே உண்டு. கிறித்து பிறப்பிலிருந்து எண்ணும் முறையை டயனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி கி.பி. 525இல் வகுத்தார். அதில் சுழியம் என்ற ஆண்டு இல்லை. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1 ஆகும். கி.மு., கி.பி. என்பதற்குப் பதிலாகப் பொது ஆண்டு என்று எழுதுவோரும் இதே எண்களையே பயன்படுத்துகிறார்கள்.

இலங்கையில் வழங்கும் பௌத்த ஆண்டு, புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததை கி.மு. 544–543 என்று கொண்டு எண்ணுகிறது. 1956இல் 2500ஆவது புத்த ஜயந்தி கொண்டாடப்பட்டது இந்தக் கணக்கின்படிதான். இலங்கையின் பண்டை அரசர்களுக்குப் பாடப்புத்தகங்கள் தரும் ஆண்டுகளுக்கும் இதுவே அடித்தளம். குவேனியின் ஆண்டும் இதிலிருந்தே கணிக்கப்படுகிறது.

குவேனி: மற்றவர்களின் ஆண்டுக்குள் ஒரு பெண்

மகாவம்சம் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டிலோ பாளி மொழியில் எழுதப்பட்டது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த அதே நாளில் விஜயன் எழுநூறு தோழர்களுடன் தம்பபண்ணியில் இறங்கினான் என்று அது சொல்கிறது. குவேனி ஒரு மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். இயக்கர் குலத்தவளான அவள் விஜயனுக்குத் துணையாகி, தன் இனத்தாரை வெல்லவும் வழி காட்டினாள். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். பின்பு விஜயன் முடிசூட விரும்பியபோது, அரச குலத்துப் பெண் வேண்டுமென்று தென்மதுரைப் பாண்டிய மன்னனிடம் ஆள் அனுப்பினான். பாண்டிய இளவரசி வந்ததும் குவேனி விலக்கப்பட்டாள். தன் இனத்தாரிடம் திரும்பிப் போன இடத்தில் கொல்லப்பட்டாள். பிள்ளைகள் மலைநாட்டுக்குத் தப்பி ஓடினார்கள்.

கி.மு. 543 என்று குவேனியின் காலத்தைச் சொல்ல இந்தக் கதை ஒன்றே ஆதாரம். அந்த ஆண்டும் அவளுக்காகக் கணிக்கப்பட்டதன்று. புத்தரின் பரிநிர்வாணத்தையும் விஜயனின் வருகையையும் ஒரே நாளில் வைக்க விரும்பிய நூலாசிரியர், அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்பு எழுதினார். அதைவிடப் பழைய தீபவம்சம் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டது. அதிலும் விஜயன் வருகிறான். குவேனி வரவில்லை. எனவே குவேனி கதை ஒரு தனி வாய்மொழி மரபாக இருந்து பின்னர் நூலுக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கதையை வரலாறாகக் கொள்ள முடியாவிட்டாலும் அது ஒரு நினைவைக் காத்து வைத்திருக்கிறது. வந்தவர்கள் இறங்கியபோது இங்கே மக்கள் இருந்தார்கள், நூல் நூற்கத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள் என்பதை அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது. அகழாய்வும் இதையே சொல்கிறது. அனுராதபுரக் கோட்டைப் பகுதியில் சிரான் தெரணியகல தலைமையிலும் பின்னர் ரொபின் கொனிங்ஹாமுடன் சேர்ந்தும் நடந்த ஆய்வுகள், கி.மு. 9ஆம் நூற்றாண்டளவிலேயே இரும்பைப் பயன்படுத்திய குடியிருப்பு அங்கே இருந்ததைக் காட்டின. விஜயனுக்குக் குறிக்கப்படும் ஆண்டுக்கு அது மூன்று நூற்றாண்டுகள் முந்தையது.

அறுபது ஆண்டு இடைவெளி

கி.மு. 543 என்ற தொடக்க ஆண்டிலேயே ஒரு சிக்கல் உண்டு. அது வெளிப்பட்டது அசோகனின் கல்வெட்டுகளால். ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்துகளைப் படித்து முடித்தபோது, கல்வெட்டுகளில் வரும் ‘பியதசி’ என்ற அரசன் யார் என்பது தெரியவில்லை. அதற்கு விடை இலங்கையிலிருந்து வந்தது. குடியேற்ற அரசின் அதிகாரியும் மகாவம்சத்தை மொழிபெயர்த்தவருமான ஜோர்ஜ் டேர்னர், தீபவம்சத்தைக் கொண்டு பியதசி என்பவன் அசோகனே என்று காட்டினார்.

அசோகனின் 13ஆம் பாறைக் கட்டளை மேற்கே ஆண்ட ஐந்து கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: அந்தியோக்கஸ், தொலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாந்தர். ஐவரும் உயிரோடு ஆண்ட ஆண்டுகள் கிரேக்க வரலாற்றால் தெரியும். ஐவரும் ஒருசேர இருந்த காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அசோகன் முடிசூடியது ஏறத்தாழ கி.மு. 268இல்.

மகாவம்சமோ, புத்தரின் பரிநிர்வாணத்துக்கு 218 ஆண்டுகளுக்குப் பின் அசோகன் முடிசூடினான் என்கிறது. 543இலிருந்து 218ஐக் கழித்தால் கி.மு. 325 வருகிறது. மாசிடோனிய அலெக்சாந்தர் சிந்து நதிக்கரையை விட்டுத் திரும்பிய ஆண்டு அது. அசோகனின் பாட்டன் சந்திரகுப்தன் கிரேக்கத் தளபதி செலூக்கஸுடன் உடன்படிக்கை செய்ததே அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. எனவே 325 பொருந்தாது. 218 என்ற இடைவெளியை அப்படியே ஏற்று, அசோகனின் உண்மையான ஆண்டோடு கூட்டினால் பரிநிர்வாணம் கி.மு. 486க்கு வருகிறது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர் கி.மு. 483 என்று கொண்டார். பரிநிர்வாணத்தை கி.மு. 400ஐ ஒட்டி வைக்கும் அறிஞர்களும் பின்னர் வந்தார்கள்.

ஆக, மரபுவழிக் கணக்கில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மிகையாக உள்ளன. மகாவம்சம் தரும் ஆட்சியாண்டுகளிலும் ஐயத்துக்கு இடம் இருக்கிறது. பண்டுகாபயன் முப்பத்தேழு வயதில் அரசனாகி எழுபது ஆண்டுகள் ஆண்டான் என்றும், அவன் மகன் மூத்தசிவன் அறுபது ஆண்டுகள் ஆண்டான் என்றும் அது சொல்கிறது. தந்தையும் மகனுமாக 130 ஆண்டுகள் ஆள்வது நம்பத்தக்கதாக இல்லை. விஜயனை புத்தரின் காலத்தோடு இணைக்க வேண்டியிருந்ததால் இடைப்பட்ட ஆட்சிகள் நீட்டப்பட்டன என்பதே பெரும்பாலோர் தரும் விளக்கம்.

சங்கமித்தையும் காருவாகியும்

இந்த அறுபது ஆண்டுகள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன மாற்றம் செய்கின்றன என்பதைச் சங்கமித்தையைக் கொண்டு காணலாம். அசோகனின் மகளான அவர், தந்தை முடிசூடிய ஆறாம் ஆண்டில், தம் பதினெட்டு வயதில் துறவு பூண்டார் என்கிறது மகாவம்சம். அசோகனின் பதினெட்டாம் ஆண்டில் வெள்ளரசுக் கிளையுடன் இலங்கைக்கு வந்தார். மரபுக் கணக்கின்படி அவர் வந்தது கி.மு. 307. அசோகனின் கல்வெட்டை அடிப்படையாகக் கொண்டால் அது கி.மு. 250ஐ ஒட்டி வரும். அப்போது அவருக்கு வயது முப்பது. பிறந்தது கி.மு. 280ஐ ஒட்டியதாக இருக்கும். பண்டைக் காலப் பெண் ஒருவரின் வயதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிவது அரிது.

ஆனால் அசோகனின் எந்தக் கல்வெட்டிலும் சங்கமித்தையின் பெயர் இல்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை அனைத்தும் இலங்கை நூல்களாலும் அவற்றைச் சார்ந்த மரபாலும் வந்தவை. அசோகனின் கல்வெட்டுகளில் பெயர் சொல்லப்படும் அரசி வேறொருவர். அலகாபாத் தூணில் உள்ள ஒரு சிறு கட்டளை, இரண்டாம் அரசி காருவாகி கொடுத்த மாந்தோப்புகளையும் சோலைகளையும் அறச்சாலைகளையும் அவருடைய கொடையாகவே பதிய வேண்டும் என்கிறது. திவலன் என்ற மகனின் தாய் என்றும் அவரைக் குறிக்கிறது. மகாவம்சத்துக்கோ காருவாகியைத் தெரியாது. ஒரே அரசனின் குடும்பத்துப் பெண்கள் இருவரில் ஒருவரை நூல் காத்தது, மற்றவரைக் கல் காத்தது. நூல் காத்தவருக்கு வாழ்க்கைக் கதை கிடைத்தது. கல் காத்தவருக்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட சான்று கிடைத்தது.

இரண்டு காலங்களில் நிற்கும் அரசி

இலங்கையைத் தன் பெயரில் ஆண்ட பெண்களில் நூல்கள் முதலில் குறிப்பிடுவது அனுலாவை. சங்கமித்தையிடம் துறவு பெற்ற அனுலா வேறு, இந்த அரசி வேறு. இவள் சோரநாகன் என்ற அரசனின் மனைவி. கணவனையும் அவனுக்குப் பின் வந்தவர்களையும் நஞ்சூட்டிக் கொன்றாள் என்கிறது மகாவம்சம். வாயில்காவலன் சிவன், தமிழனான தச்சன் வடுகன், விறகு சுமப்பவனான தீசன், பிராமணன் நீலியன் என்று ஒருவர் பின் ஒருவராக அரியணையில் அமர்த்தினாள் என்றும், இறுதியில் நான்கு மாதம் தானே ஆண்டாள் என்றும் அது சொல்கிறது. குடகண்ண தீசன் அவளைக் கொன்று அரசனானான்.

இவளுடைய காலம் என்ன? பிற்கால இலங்கை வரலாற்று நூல்களும் பாடநூல்களும் கி.மு. 48க்கும் 42க்கும் இடையே இவளை வைக்கின்றன. கைகர் 1912இல் வெளியிட்ட மகாவம்ச மொழிபெயர்ப்பின் அட்டவணையோ கி.பி. 12–16ஐ ஒட்டி வைக்கிறது. பழைய அறுபது ஆண்டுச் சிக்கலே இங்கும் வேலை செய்கிறது. பிந்தைய அரசர்களின் ஆண்டுகளை மரபுவழித் தொடக்கமான கி.மு. 543இலிருந்தே எண்ணினால் அனுலா கி.மு.வில் நிற்பாள். கைகரைப் போலப் பரிநிர்வாணத்தை கி.மு. 483 என்று கொண்டு எண்ணினால் அவள் கி.பி.க்கு நகர்வாள். ஜூலியஸ் சீசர் காலத்தவளா, அகஸ்டஸின் இறுதி ஆண்டுகளைக் கண்டவளா என்பது இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

காலத்தைப் போலவே அவளுடைய குணமும் நூலாசிரியர் தந்ததே. சோரநாகன் விகாரைகளை இடித்தவன். அவனையும் அவன் மனைவியையும் விகாரைத் துறவிகளின் மரபு நல்லவிதமாகச் சொல்லக் காரணம் இல்லை. அவள் பக்கத்தைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அவளைப் பற்றிய செய்திகளைப் படிப்போர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைக் கட்டும் கண்ணிகள்

அரசர் பட்டியல்களில் ஓரமாக வரும் பெண்கள், காலக்கணிப்பில் சில சமயம் நடுவிடத்துக்கு வந்துவிடுகிறார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றில் அந்த இடம் கண்ணகிக்கு உரியது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த அரசர்களில் இலங்கை வேந்தன் கயவாகுவும் ஒருவன் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்சத்தில் கஜபாகு என்ற அரசன் உண்டு. இருவரும் ஒருவரே என்று கொண்டு, வி. கனகசபை 1904இல் வெளியிட்ட தம் நூலில் செங்குட்டுவனை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். சங்ககால அரசர்களின் வரிசை பல ஆண்டுகள் இந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டே எழுதப்பட்டது.

இந்தக் கண்ணியிலும் அறுபது ஆண்டுச் சிக்கல் உண்டு. கஜபாகு கி.பி. 114ஐ ஒட்டி முடிசூடினான் என்பது ஒரு கணக்கு. கி.பி. 170களில் என்பது கைகரின் கணக்கு. மேலும், மகாவம்சம் கஜபாகுவைப் பற்றிச் சொல்லும்போது கண்ணகியைத் தெய்வமாகக் கொள்ளும் பத்தினி வழிபாட்டைக் குறிப்பிடவே இல்லை. சிலப்பதிகாரமும் நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல தலைமுறைகள் பிந்தியது என்று கருதுவோர் பலர். ஆகவே இன்று ஆய்வாளர்கள் இதை ஒரு துணைச் சான்றாக மட்டுமே வைத்து, கல்வெட்டுகளையும் நாணயங்களையும் அகழாய்வுகளையும் முதன்மையாகக் கொள்கிறார்கள்.

இதைவிட உறுதியான கண்ணி தக்காணத்தில் இருக்கிறது. அங்கே ஆண்ட வாகாடகர்கள் தங்கள் செப்பேடுகளில் ஆட்சியாண்டுகளை மட்டுமே எழுதினார்கள். அவற்றைக் கொண்டு அவர்கள் எந்த நூற்றாண்டில் ஆண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வாகாடக மன்னன் இரண்டாம் ருத்திரசேனனின் மனைவி பிரபாவதி குப்தா, குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனின் மகள். குப்தர்கள் தொடர்ச்சியான சகாப்தத்தில் எழுதினார்கள். சக ஆண்டுக்கு 241 ஆண்டுகளுக்குப் பின் குப்த ஆண்டு தொடங்கியது என்பதை அறிஞர் அல்பெருனியின் குறிப்பும் உறுதி செய்கிறது. கணவன் இறந்தபின் பிள்ளைகளுக்காக ஆட்சி நடத்திய பிரபாவதி, தம் செப்பேடுகளில் பிறந்த குலமான குப்தரின் வழிமுறையையே முன்வைத்து எழுதினார். வாகாடகர் வரலாற்றைக் காலவரிசையில் பொருத்த அந்தத் திருமண உறவே முக்கியமான ஆதாரமாயிற்று.

அல்லியும் கடலோடிகள் எழுதிய குறிப்புகளும்

குதிரைமலைக்குத் திரும்பினால், அல்லி அரசாணிக்கு இப்படியொரு கண்ணி கிடைக்குமா என்ற கேள்வி எழுகிறது. தமிழகத்தில் அல்லி மதுரையை ஆண்டவளாக, அருச்சுனனை எதிர்த்து நின்றவளாகக் கதைப்பாடல்களில் வாழ்கிறாள். வடமேற்கு இலங்கையில் அவள் முத்துக் குளிப்பை ஆண்ட அரசி. அவளுடைய கோட்டையைக் கடல் கொண்டதாகச் சொல்வார்கள். கதைப்பாடல்கள் புகழேந்திப் புலவரின் பெயரில் வழங்கினாலும், இன்று கிடைக்கும் வடிவம் மிகப் பிந்தியது.

ஆனால் தென்னாட்டில் பெண் ஆண்டாள் என்ற செய்தி மிகப் பழையது. கி.மு. 300ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாகப் பிற்கால எழுத்தாளர் ஆரியன் ஒரு கதையைத் தருகிறார்: ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு நாடொன்றை ஆளக் கொடுத்தான். அவளை அணிசெய்யக் கடலிலிருந்து முத்துகளைத் திரட்டினான். கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினியும், இந்தியர்களில் பெண்கள் ஆளும் ஒரே மக்கள் பண்டே என்று குறிக்கிறார். பாண்டியர், முத்து, பெண்ணரசு ஆகிய மூன்றும் அல்லிக்கு முந்தைய இந்தக் குறிப்புகளிலேயே சேர்ந்து வருகின்றன. அல்லி என்ற ஒருத்தி வாழ்ந்தாள் என்று இதனால் நிறுவ முடியாது. முத்துக்கரையில் பெண்ணரசு என்ற நினைவு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் பழையது என்பது மட்டும் உறுதியாகிறது.

பிளினி இன்னொரு செய்தியும் தருகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவர், காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாளில் இலங்கையின் ‘ஹிப்புரோஸ்’ துறையை அடைந்தார். கிரேக்கத்தில் குதிரையைக் குறிக்கும் சொல் அந்தப் பெயரில் இருப்பதால், அது குதிரைமலையே என்று பலர் அடையாளம் கண்டார்கள். இந்தப் பயணம் குளோடியஸ் மன்னன் காலத்தில், அதாவது கி.பி. 41–54க்குள் நடந்ததாக நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், புளோகமஸின் அடிமை லைசாஸ் பாறையில் பொறித்த எழுத்து கண்டெடுக்கப்பட்டது. அதில் குறித்த ஆண்டு கி.பி. 6. புளோகமஸின் வணிகம் கருதியதைவிட ஒரு தலைமுறை முந்தியது என்பது அதனால் தெரிந்தது. ஓர் அடிமை தன் பெயரோடு ஆண்டையும் எழுதி வைத்ததால், இலங்கைத் துறை ஒன்றின் வரலாறு பற்றிய கணக்கு மறுபடியும் பார்க்கப்பட்டது. குவேனிக்கும் அல்லிக்கும் கிடைக்காதது அப்படிப்பட்ட ஒரு வரி.

பொம்பரிப்பின் பெயரற்ற பெண்கள்

பொம்பரிப்பில் நிலைமை தலைகீழ். 1920களில் ஏ. எம். ஹோகார்ட், 1950களில் பி. ஈ. பி. தெரணியகல, 1970இல் விமலா பெக்லி ஆகியோர் அங்கே ஆய்வு செய்தார்கள். பின்னாளில் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்து புகழ்பெற்றவரும் பெக்லிதான். பொம்பரிப்புத் தாழிகளில் பலரின் எலும்புகள் சேர்ந்து கிடந்தன. உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, பின்பு எலும்புகளை எடுத்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். கூடவே கருப்பு-சிவப்புப் பானைகளும் மணிகளும் செம்பு, வெண்கலச் சிறுபொருள்களும் வைக்கப்பட்டன. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை நெருங்கிய ஒற்றுமை உடையவை. கடலின் இரு கரைகளிலும் ஒரே வகைப் பண்பாடு நிலவியதற்கு இது முக்கியமான சான்று.

இவர்களின் காலத்தை அறிய உதவுவது பானை. ஒரு வகைப் பானை எந்த மண்ணடுக்கில் தொடங்கி எந்த அடுக்கில் மறைகிறது என்பதை அனுராதபுரம் போன்ற இடங்களில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதே வகை வேறிடத்தில் கிடைத்தால் அந்த இடத்தையும் வரிசையில் பொருத்தலாம். இம்முறையில் பொம்பரிப்பு ஆதி இரும்புக் காலத்தைச் சேர்ந்தது, கி.மு. முதல் ஆயிரமாண்டுக்கு உரியது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

ஆண்டைத் தனியாக அளந்து தருவது கரிமக் கணிப்பு. உயிருள்ளவை அனைத்திலும் கதிரியக்கக் கரிமம்-14 சிறிதளவு இருக்கிறது. உயிர் போனபின் அது சீராகக் குறைந்து, சுமார் 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணிக்கலாம். இந்த முறையை வில்லார்ட் லிபி 1949இல் நிறுவினார். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றில் கரிமத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியதால், மரவளையங்களை எண்ணிக் கிடைத்த கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தும்போது கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலம் தெளிவில்லாமல் போகிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது இறந்த பொருளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். விஜயனும் குவேனியும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நூற்றாண்டு அதற்குள்தான் விழுகிறது. அந்தக் காலத்தை ஆய்வுகூடம் ஒன்றால் மட்டும் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது கடினம்.

எலும்பு ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை இடுப்பெலும்பும் மண்டையோடும் காட்டும். தாழிகளில் எலும்புகள் உடைந்தும் கலந்தும் இருப்பதால் பல வேளைகளில் அது கூடுவதில்லை. அப்போது கூடவிருக்கும் பொருளைக் கொண்டு ஊகிக்கும் பழக்கம் இருந்தது: வாள் இருந்தால் ஆண், மணி இருந்தால் பெண். இந்தப் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை ஸ்பெயினின் வலென்சினாவில் கிடைத்த ஒரு கல்லறை காட்டியது. யானைத் தந்தமும் சிறந்த குத்துவாளும் சூழ, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட அந்தப் பெருந்தலைவர் ஆண் என்றே முதலில் எழுதினார்கள். 2023இல் பல்லின் எனாமலில் உள்ள புரதத்தைச் சோதித்தபோது அவர் பெண் என்று தெரிந்தது. சிறு பல் ஒன்று எஞ்சியிருந்தாலும் செய்யக்கூடிய சோதனை இது. தாழிக்காடுகளில் கலந்து கிடக்கும் எலும்புகளுக்கு இது பெரிதும் பயன்படும்.

பெயரும் காலமும் சேரும் இடம்

பெயரும் காலமும் ஒன்றாகக் கிடைப்பது கல்வெட்டுகளில். இலங்கையின் பிராமிக் குகைக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவற்றை செனரத் பரணவிதான 1970இல் தொகுத்து வெளியிட்டார். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்ட இந்தச் சிறு வரிகள், பௌத்தத் துறவிகளுக்குக் குகைகளைக் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. அவர்களில் பெண்கள் பலர். ‘உபாசிகை’ என்று தம்மைக் குறித்துக்கொண்ட சாதாரணக் குடும்பத்துப் பெண்களும், ‘அபி’ என்ற பட்டமுடைய அரச குலத்துப் பெண்களும் இருக்கிறார்கள். வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்தில், நாக அரசனின் மகளும் உதி அரசனின் மனைவியுமான அபி அனுராதி கணவனுடன் சேர்ந்து குகை செய்வித்ததாக ஒரு கல்வெட்டு உண்டு. தமிழ் வணிகன் விசாகனின் கல்வெட்டுகளும் அதே இடத்தில் உள்ளன.

இக்கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆண்டு எழுதப்படவில்லை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டே காலம் கணிக்கிறார்கள். ஓர் எழுத்து எந்தத் தலைமுறையில் எப்படி வளைந்தது என்ற வரிசை, ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் வரை முன்பின்னாகக் காலத்தைச் சொல்லும். அரசனின் பெயரும் சேர்ந்து வந்தால் கணிப்பு இன்னும் நெருங்கும். மேற்காசியாவில் இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு என்ஹெதுவன்னா. அக்காடிய அரசன் சர்கோனின் மகளும் ஊர் நகரக் கோயிலின் தலைமைப் பூசகியுமான அவருடைய பெயரும் உருவமும் பொறித்த கல்வட்டம் 1927இல் கண்டெடுக்கப்பட்டது. தந்தையின் காலம் தெரிந்ததால் அவரை கி.மு. 23ஆம் நூற்றாண்டில் வைக்க முடிந்தது. பெயர் தெரிந்த ஆசிரியர்களில் உலகிலேயே முதலாமவர் என்று அவரைப் பலர் கருதுகிறார்கள்.

இதுவரை கண்ட இலங்கைப் பெண்களை இன்றைய அறிவின்படி வரிசைப்படுத்தினால் அது இப்படி அமையும். கி.மு. முதல் ஆயிரமாண்டில் பொம்பரிப்பில் புதைக்கப்பட்ட பெண்கள் முதலில் வருவார்கள். இவர்களுக்கு எலும்பே சான்று. கி.மு. 250ஐ ஒட்டிச் சங்கமித்தையும், அவரை அடுத்த தலைமுறைகளில் குகைகள் கொடுத்த பெண்களும் வருவார்கள். இவர்களுக்கு நூலும் கல்லும் சான்று. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவிலோ கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அனுலா வருவாள். கி.பி. முதல் நூற்றாண்டில் பெண்ணாட்சி பற்றிய செய்தி ரோம் வரை எட்டியிருந்தது. குவேனி ஒரு நூலில் நமக்குக் கிடைப்பது கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில், அல்லி ஒரு பாடலில் கிடைப்பது அதற்கும் வெகுகாலம் பின்பு. அவர்களுடைய கதைகளுக்கு நாம் தரக்கூடிய காலம் அது. கதைக்குப் பின்னால் உள்ள மக்களின் காலமோ பொம்பரிப்பு மண்ணில் அளக்கப்பட வேண்டியது. ஒரு பெண்ணின் பெயருக்கு அருகே ஓர் ஆண்டு எழுதப்பட்டிருந்தால், அது அவளுடைய எலும்பிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா, அவளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நூலிலிருந்து வந்ததா என்று பார்த்தே அதை ஏற்க வேண்டும்.